ஆள்காட்டி பொய் சொல்லாது

காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால், "என்னக்கா, இன்னைக்கு யாரு விருந்தாளி?" என்று பால்காரர் கிண்டல் செய்வார். அந்த விருந்தாளி என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அவருக்கு அது தெரியாது. பறவை பார்க்கும் ஆசையெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றிருந்த தையல்காரி நான். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிட்டவர், ஓயாமல் என்னை வாசலுக்கு அனுப்பியதால் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை.

நீடாமங்கலத்துக்கு வெளியே, வயலை மனை போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. குடிவந்தபோது சுற்றிலும் மனைக்கல்லும் கருவேலஞ்செடியும்தான். ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. மஞ்சள் காலும் சிவந்த மூக்குமாக ஒரு சோடி ஆள்காட்டிக் குருவி, நாயோ மனிதரோ அந்தப் பக்கம் நடந்துவிட்டால் ஊரையே கூட்டிவிடும். தையல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எனக்கு அது தலைவலி. அத்தைக்கோ முகம் மலர்ந்துவிடும். சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் போயிருந்தது. இளவயதில் நடவுக்குப் போனவர். பேச்சும் சிரிப்புமாக நாற்று நடும் பெண்கள், வரப்போரம் ஆள்காட்டி கத்தியதும் கப்சிப்பென்று குனிந்துகொள்வார்களாம். பண்ணைக் காரியக்காரர் வருகிறார் என்று அர்த்தம். "மனுசன் பொய் சொல்லுவான், ஆள்காட்டி பொய் சொல்லாது" என்பார்.

அத்தை காத்திருந்தது இளைய மகனுக்காக. என் கொழுந்தனார் தானே விரும்பி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "இனிமே என் வாசப்படி ஏறாதே" என்று சொல்லி அனுப்பியவரும் அத்தைதான். கொழுந்தனார் அப்படியே சிங்கப்பூர் போய்விட்டார். தன் அண்ணனிடம், அதாவது என் கணவரிடம், போனில் பேசுவார். அம்மாவிடம் கொடுக்கவா என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. அத்தையும் ஒருநாள்கூட மகன் பேரை எடுத்ததில்லை. ஆள்காட்டி கத்தினால் மட்டும், "யாரோ வர்றாங்க. போய்ப் பாரேன்" என்பார். அந்த யாரோ யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நானும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவேன். ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், அல்லது கீரிப்பிள்ளை ஓடும். யாருமில்லை என்று சொல்லச் சொல்ல அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெறுமனே திரும்ப மனமில்லாமல், கண்ணில் பட்டதையாவது சொல்லத் தொடங்கினேன். "யாருமில்ல அத்தை. பள்ளத்துல ஒரு மடையான் கொக்கு நிக்குது." "நத்தைகுத்தி நாரை நாலஞ்சு வந்திருக்கு." இப்படிச் சொல்வதற்காகவே உற்றுப் பார்க்கவும் பழகினேன். ஒரு கோடையில், பாதைக்குக் கொட்டிய சரளையோடு சரளையாகக் கிடந்த முட்டைகளை மிதிக்க இருந்தேன். குருவி என் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. அன்றிலிருந்து அதற்கு நான் அடிமை. வெயில் ஏறினால் வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். சோடி இரண்டும் மாறி மாறிக் காக்கும்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆம்பளையுமா உக்காரும்?" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்:

"அப்ப அது கத்துறது ஆளு வர்றதைச் சொல்ல இல்ல. குஞ்சுக்காகத்தான் கத்துது."

"ஆமா அத்தை. யாராவது கிட்ட வந்துடுவாங்களோன்னு பயம்" என்றேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பூரிப்பு எனக்கு.

அதற்குப் பிறகு என்னை வாசலுக்கு அனுப்புவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. குருவி கத்தினால், "பாவம், குஞ்சு வச்சிருக்கும்" என்பார், அவ்வளவுதான். என் தையல் தடையில்லாமல் ஓடியது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குருவி எவ்வளவு கத்தினாலும் அத்தையின் தலை வாசல் பக்கம் திரும்புவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். காத்திருப்பது கொடுமைதான். ஆனால் அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. இல்லை அத்தை, ஆள் வந்தாலும் கத்தும் என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் மதியம், அத்தைக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குருவிகள் இரண்டும் காது கிழியக் கத்தின.

"பாத்துட்டு வரட்டுமா அத்தை?"

"எதுக்கு? குஞ்சு பொரிச்சிருக்கும். நீ உக்காரு."

நானும் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்து, செருப்பையும் கழற்றிவிட்டு, படி ஏறாமல் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "அத்தை, சின்னவங்க வந்திருக்காங்க" என்றேன், சோற்றுத் தட்டைக் கீழே வைத்துக்கொண்டே.

அத்தை இரண்டு கையையும் நீட்டினார். கொழுந்தனார் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தார். அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை அத்தை தடவித் தடவிப் பார்த்தார்.

"எப்படா வந்தே? சத்தமே கேக்கலியே."

வெளியே குருவிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அம்மாவுக்குக் காதும் போய்விட்டதா என்று கேட்பதுபோல் கொழுந்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். காத்திருப்பதையே விட்டுவிட்டார் என்று சொல்ல மனமில்லாமல், ஆமாம் என்று தலையாட்டினேன்.