எழுபது சென்டிமீட்டர் வாசல்

காலை 6.10. திருச்சி சந்திப்பிலிருந்து வண்டி கிளம்பியது. திண்டுக்கல்லுக்குத் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர். முன்பதிவில்லாப் பெட்டியில் ஐம்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. மணப்பாறை வரை கதவருகே நின்றேன். பிறகு உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்தேன். எதிரில் இருந்த பெண்மணி, "யாரையாச்சும் ஆஸ்பத்திரில பாக்கப் போறீகளா?" என்று கேட்டுவிட்டார். இல்லை, ஒரு நடைபாதையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். இருபத்தாறு வருடங்களாக இதுதான் தொழில். திண்டுக்கல் நகரின் மேற்கே, மீட்டர் கேஜ் காலத்தில் ஒரு பஞ்சாலைக்குச் சரக்குப் பெட்டிகள் போய்வந்த கிளைத் தண்டவாளம் ஒன்று வெகுநாளாகச் சும்மா கிடந்தது. ஆலை மூடியதும் வண்டி நின்றது. தண்டவாளத்தைச் சீமைக்கருவேலம் மூடியது. அதை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற பாதையாக மாற்றும் வேலைக்கு வரைபடம் போட்டது நான். நீளம் இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர், அகலம் மூன்று மீட்டர். வேலை முழுவதையும் திருச்சியில் கணினி முன்னால் உட்கார்ந்தே முடித்தேன். அந்த இடத்தை நேரில் பார்த்ததே இல்லை.

ஐந்து நாட்களுக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பாதையின் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் எங்கள் அலுவலக எண் இருக்கிறது. அதைப் பார்த்துக் கூப்பிட்டவர் பெயர் ஆரோக்கியராஜ்.

"பாதை ரொம்ப நல்லாருக்கு சார். ஆனா வாசல்ல இரும்புக் கம்பி நட்டுருக்காகல்ல, அதுதான் என்னைய உள்ள விட மாட்டேங்குது. நான் கைவண்டில போறவன். கால் ரெண்டும் வராது."

நான் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். வரைந்தவன் நான்தான் என்று சொல்லவில்லை. அன்று முதல் வீட்டுக் கதவு, அலுவலகக் கதவு, பேருந்துப் படி என்று எதைக் கண்டாலும் கை தானாக அளவு நாடாவைத் தேடியது.

காலை 7.45. வடமதுரையைத் தாண்டியதும் இடப்பக்கம் சிறுமலை தெரிந்தது, உச்சியில் மேகத்தோடு. சற்று நேரத்தில் திண்டுக்கல். நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். நூற்றிருபது கேட்டு நூறுக்கு இறங்கி வந்த ஓட்டுநரிடம் பழைய ஆலைத் தண்டவாளம் என்றதும், "அதுவா? வாக்கிங் ரோடுன்னு சொல்லுங்க. என் வீட்டம்மா இப்ப தெனமும் அங்கதான் போகுது" என்றார். "மொதல்ல பகல்லயே அந்தப் பக்கம் போக மாட்டோம். அம்புட்டு முள்ளு, அம்புட்டு பாம்பு."

காலை 8.20. பாதையின் கிழக்கு முனை. என் தாளில் இரண்டு கோடுகளாக இருந்தது இங்கே செம்மண் நிறத்தில் நீண்டு கிடந்தது. இருபுறமும் வேம்பு. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய இரும்பு ஸ்லீப்பர்களை வெட்டி ஒட்டி உட்காரும் பெஞ்சுகள் செய்திருந்தார்கள். வரைபடம் போட்டபோது நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. ரயில் ஓடிய காலத்தில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் கட்டிய வீடுகள் இப்போது பின்சுவரை உடைத்துக் கதவு வைத்திருந்தன. ஒரு தையல்காரர் மிஷினைப் பின்வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். சுடிதாரும் ஷூவுமாகப் பெண்கள் கையை வீசி நடந்தார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண் வாசலில் நட்டிருந்த இரும்புக் குழாய்களை விட்டு நகரவில்லை. நாடாவை எடுத்து இரண்டு குழாய்களுக்கு இடையே அளந்தேன். எழுபது சென்டிமீட்டர். நான் எழுதிக் கொடுத்த அதே அளவு, ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.

நேற்று போனில் பேசியபோது ஆரோக்கியராஜ் ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லை. அருகில் ஒரு கடையில் மணிக்கு முப்பது ரூபாய்க்கு சைக்கிள் எடுத்து மேற்கு முனை வரை போனேன். அங்கே பழனி சாலை. அங்கும் அதே எழுபது. திரும்பி வந்தேன். ஆள் வரவில்லை. மறுபடி பாதி தூரம் போய்த் திரும்பினேன். வாசலை ஒட்டி இட்லிக் கடை வைத்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எதையாச்சும் தொலச்சிட்டீகளா? செத்த நேரம் உக்காருங்க."

அவர் பெயர் புஷ்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து நடக்கும்போது வலது காலை இழுத்து வைத்தார். நான்கு இட்லி, சட்னி, சாம்பார், முப்பத்திரண்டு ரூபாய். இரண்டைத்தான் சாப்பிட முடிந்தது.

காலை 9.15. ஆரோக்கியராஜ் வந்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நெஞ்சுக்கு நேரே இருக்கும் பிடியைக் கையால் சுற்றினால் ஓடும் மூன்று சக்கர வண்டி. முப்பத்தெட்டு வயது, சட்டைக்குள்ளே கயிறு திரித்தாற்போலத் தோள்கள். பழனி சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீடு இந்த முனையில், கடை அந்த முனையில்.

"மெயின் ரோட்டுல போனா மூணரை கிலோமீட்டர் சார். நடுவுல பாலம். ஏத்தத்துல கை விட்டுப்போகும், எறக்கத்துல பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே தள்ளுவான். இந்தப் பாதை வரணும்னு தெருத்தெருவா கையெழுத்து வாங்குனதுல நானும் ஒருத்தன். எரநூத்திப் பத்து வீடு ஏறி எறங்குனேன். ஏறலை, வாசல்ல நின்னு கூப்பிட்டேன்." சிரித்தார். "தெறப்பு விழா அன்னைக்கு நான் கம்பிக்கு வெளிய நின்னு கை தட்டுனேன்."

பின் சக்கரங்களின் அகலத்தை அளந்தேன். எண்பத்தாறு.

"அப்ப இதுல ஒரு கம்பியப் புடுங்கணும் சார். அம்புட்டுதான்."

"புடுங்குவீக, புடுங்குவீக" என்றார் புஷ்பம், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே. குரலில் கோபம் இருந்தது. "கம்பி நடுறதுக்கு முன்னாடி இது பைக்குக்காரன் குறுக்கு வழியாத்தான சார் கெடந்துச்சு? தண்ணிக் குடம் எடுத்துட்டு வந்தவள அடிச்சுத் தூக்குனான். திரும்பிக்கூடப் பாக்கலை. கால்ல பிளேட்டு வச்சு மூணு மாசம் படுத்துக் கெடந்தேன். தம்பிக்காக நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனா கம்பிய எடுக்க விட மாட்டேன்."

"அக்கா, நான் என்ன உங்க கால ஒடைக்கவா சொல்றேன்?"

"எனக்குத் தெரியும் ஆரோக்கியம். ஒனக்கு வழி விட்டா அவனும்ல வருவான்!"

ஆரோக்கியராஜ் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். இரண்டு வாரமாகவே பேச்சு இப்படித்தான் நின்றுபோகிறது என்று பிறகு தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆரோக்கியராஜின் காலைச் சாப்பாடு இந்தக் கடையில்தான். இப்போது அவர் இங்கே சாப்பிடுவதில்லை.

புஷ்பம் என்னைப் பார்த்துக் கேட்டார். "எழுபதுன்னு கணக்குப் போட்டது யாரு சார்? அந்த ஆளு இங்க வந்து பாத்தாரா?"

நாடா என் கையில் இருந்தது. பொய் சொல்லலாம்; அலுவலகத்தின் மேல் பழியைப் போடலாம்.

"நான்தாம்மா. வந்து பாக்கலை. பழைய கோப்புல இருந்த அளவ எடுத்துப் போட்டேன்."

ஆரோக்கியராஜ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "போன்லயே சொல்லிருக்கலாம்ல சார்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

காலை 10.30. வேலையின் மேற்பார்வையாளர் கயல்விழி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும் பொறியாளர். நடுவில் ஒரு சிறு பாலத்துக்குக் கைப்பிடி வைக்கும் வேலை பாக்கி இருந்ததால் வெல்டரும் குழாய்களும் அங்கேயே இருந்தன. நான் யார், எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன்.

"அகலத்தைக் கூட்டுனா டூவீலர் வரும் சார். எடுத்துட்டா என்மேல புகார் வரும். உங்க வரைபடத்துல உள்ளதத்தான் நான் செஞ்சேன்" என்றார். உண்மைதான்.

குழாய்களுக்கு நடுவே நின்றேன், சுற்றி வந்தேன், மறுபடி நின்றேன். வாசலில் கதவு வைத்துச் சாவியை ஆரோக்கியராஜிடம் கொடுத்தால் என்ன? "மத்தக் கைவண்டிக்காரன் வந்தா எங்கிட்ட சாவி வாங்கணுமா சார்?" என்று அவரே கேட்டார். வழியை வளைத்துப் போட்டால்? அவர் வண்டி அந்த வளைவில் திரும்பாது. வெயில் ஏறியது. நான் தாளில் வரைந்து வரைந்து அடித்தேன்.

புஷ்பம் கயல்விழியின் ஸ்கூட்டியையும் பக்கத்தில் நின்ற கைவண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா பாருங்க சார். ஸ்கூட்டிக்குக் கொம்பு மாதிரி ஹேண்டிலு மேலதான இருக்கு? அதான அகலம்? இவனுக்கு மேல ஒண்ணுமில்ல, தோளு மட்டுந்தான். அகலமெல்லாம் கீழ, சக்கரத்துல. கீழ விரிச்சு மேல ஒடுக்குனா என்ன?"

கயல்விழி வெல்டரைக் கூப்பிட்டார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

காலை 11.15 முதல் 1 மணி வரை. நட்டிருந்த குழாய் ஒன்றை வெல்டர் அறுத்தார். இரண்டு குழாய்களைத் தரையிலிருந்து சக்கர உயரம் வரை தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நேரே நிறுத்தி, அதற்கு மேல் இரண்டு துண்டுகளை உள்நோக்கிச் சாய்த்துக் கயிற்றால் கட்டினோம். முதலில் மேல் இடைவெளி அறுபத்தைந்து. கயல்விழி தன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஹேண்டிலைக் கொஞ்சம் ஒடித்துத் திருப்பினார், உள்ளே போய்விட்டது. அப்படியானால் பழைய எழுபதிலும் போயிருக்கும். புஷ்பம் தலையில் கை வைத்தார். அறுபதுக்குக் குறைத்தோம். இம்முறை ஸ்கூட்டியின் ஹேண்டில் ஒரு பக்கம் மாட்டியது. திருப்பினால் கண்ணாடி மாட்டியது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "போகாது" என்றார். வெல்டரின் பைக்கும் போகவில்லை. என் வாடகை சைக்கிள் ஒரு விரற்கடை மிச்சத்தில் நுழைந்தது.

ஆரோக்கியராஜ் பத்தடி தள்ளி நின்றார். பிடியைச் சுற்றினார். முன் சக்கரம் நுழைந்தது. குழாய்க்கு நேரே வந்ததும் முழங்கைகளை விலாவோடு ஒடுக்கிக்கொண்டார். ஒரு கணம் தோள் உரசியது போலிருந்தது. பின் சக்கரங்கள் இருபக்கமும் இரண்டு விரல் இடைவெளியோடு உருண்டன. உள்ளே போய்விட்டார்.

நிற்கவே இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. செம்மண் நிறப் பாதையில் வேகம் கூடிக்கொண்டே போனது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏலே, பாத்துப் போடா!" என்று கத்தினார். அவருக்குக் கேட்டிருக்காது.

திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. சட்டை முழுக்க வேர்வை. "கடைசி வரைக்கும் போயி, கம்பிக்கு உள்ள நின்னு என் கடையப் பாத்துட்டு வந்தேன். ரோட்ட ஒட்டித்தான் இருக்கு" என்றார். புஷ்பம் ஒரு தட்டில் நான்கு இட்லியை வைத்து அவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

மதியம் 2.40. கயல்விழி தன் மேலதிகாரியிடம் பேசினார். இந்த முனையில் இப்போதே பற்றவைத்துக்கொள்ளலாம். பழனி சாலை முனைக்குத் திருத்திய வரைபடம் முறையாக வர வேண்டும். இட்லிக் கடை மேசையிலேயே உட்கார்ந்து வரைந்து, படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். மாலை வண்டியில் திருச்சிக்குத் திரும்பினேன். கூட்டம் அதிகம், வழியெல்லாம் நின்றே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆரோக்கியராஜ் கூப்பிட்டார். மேற்கு முனையும் முடிந்துவிட்டதாம். வீட்டிலிருந்து கடைக்குப் பதினெட்டு நிமிடம். தன்னைப்போல இன்னும் இரண்டு கைவண்டிக்காரர்கள் வருகிறார்களாம். "நீங்க ஒருக்கா வாங்க சார், நிம்மதியாப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

நிம்மதி எனக்கு வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த மறுநாளே பழைய கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தேன். அந்த எழுபது சென்டிமீட்டரை இன்னும் ஒன்பது ஊர்களின் பூங்காக்களுக்கும் பாதைகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்பது ஊர்களிலிருந்தும் ஒரு அழைப்புகூட வந்ததில்லை. இத்தனை நாள் அதை நல்ல செய்தி என்றே நினைத்திருந்தேன். கூப்பிடாமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. பலகையில் இருக்கும் எண்ணைப் படித்துக் கூப்பிட்டு, வந்தவனை மன்னிக்கவும் தெரிந்த ஓர் ஆள் அங்கெல்லாம் வாசலுக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்று என்ன கட்டாயம்? சனிக்கிழமைகளில் நாடாவோடு ஒவ்வோர் ஊராகப் போய்வருகிறேன். இதுவரை நான்கு முடிந்திருக்கிறது.