சொல்லாமல் நீட்டிய கயிறு

தேனி மாட்டுச் சந்தையில் விற்பவர் கயிற்றைக் கைமாற்றும்போது, "இனி நல்லது கெட்டது ஒங்க பாடு" என்று சொல்லிவிடுவார். பொறுப்பைக் கழற்றிவிடும் சொல் அது. பிறகு மாடு நொண்டினாலும் அவரைக் கேட்க முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு அங்கே உழவு மாடு வாங்கப் போனேன். காது வளர்த்த, ஒல்லியான ஒருவர் துண்டு நுனியால் தன் காளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விலை படிந்தது. கயிற்றை நீட்டியவர் அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.

"ஏன்யா, சொல்ல வேண்டியதச் சொல்லலையே?"

"எதுக்குங்க? கொறை இருந்தா ஓட்டியாந்துருங்க. ஓடைப்பட்டியிலதான இருக்கேன்."

விற்ற மாட்டைத் திரும்ப வாங்குகிற மனிதரை நான் கண்டதில்லை; ஆசை காட்டித் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று பட்டது. "திருட்டு மாடா?" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினேன்.

"ஏலே, எங்கன புடிச்ச?" என்று யாரோ சிரித்தார்.

"வீட்டுல பொறந்த கன்னுய்யா" என்றார் அவர். நான் கயிற்றை வாங்கவில்லை. பொழுது சாயும்வரை வேறு ஒருவரும் அந்தக் காளைக்கு விலை கேட்கவில்லை. அவரே திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் திருடரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடைப்பட்டிக்குப் போய் விசாரித்திருக்கலாம். நல்லவராக இருந்துவிடுவாரோ என்று பயந்து போகாமலே இருந்துவிட்டேன்.