நாகரத்தினம் டீச்சரின் சைக்கிள் டியூப் வார்

திருச்சுழி பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தியைச் சொன்னார். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ் நகரத் தொடங்கிய பிறகு என்னைப் பார்த்துவிட்டு, படியில் நின்றபடியே, "நம்ம நாகரத்தினம் டீச்சர் காலைல போயிட்டாகளாம், சார். தெரியுமா?" என்றார். தெரியாது. முந்தின வாரம்தான் டீச்சர், என் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நான் குழப்பிவிட்டதாகச் சொல்லி, கடைவீதியில் நிறுத்தி வைத்துத் திட்டியிருந்தார்.

அவரிடம் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக் கண்காட்சிக்காக அவர் செய்த இரும்பு தேடும் கருவியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூங்கில் கழி, அதன் முனையில் மாவுச் சல்லடையின் மரவளையம், வளையத்தைச் சுற்றிச் செம்புக்கம்பி. கழியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவும், பாட்டரிக் கட்டைகள் வைத்த மரப்பெட்டியும் கட்டியிருக்கும். வளையத்துக்கு அடியில் இரும்பு வந்தால் ரேடியோவின் சீழ்க்கை மாறும். மணலுக்குள் ஒளித்த ஆணிகளை அது கண்டுபிடித்ததற்கு நீங்கள் கை தட்டினீர்கள். அதே கருவி எம்.ரெட்டியபட்டியில் ஒரு கரிசல் காட்டுக்கும் போனது. அது பலருக்குத் தெரியாது.

அங்கே பெருமாள், சீனி என்று அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் இருந்தபோதே காட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பிரிக்கும்போது தேய்ந்துபோன கலப்பைக் கொழுவை, அதன் இரும்பு முனையை, எல்லை வரப்புக்கு அடியில் புதைப்பது அந்த வீட்டு வழக்கம். அவர் காலமான பிறகு ஒரு பெருமழையில் வரப்பு கரைந்தது. பெருமாள் புதிதாகப் போட்ட வரப்பு தன் பக்கம் நாலு உழவுச் சால் தள்ளி வந்துவிட்டது என்றார் சீனி. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்து, ஊரே பருத்தி ஊன்றிக்கொண்டிருந்தபோது, ஒருவர் ஏர் பூட்டினால் மற்றவர் அரிவாளோடு வந்து நின்றார். கொழு அகப்படும்வரை யாரும் ஏர் இறக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. விதைப்பு தவறினால் இரண்டு வீட்டுக்கும் அந்த வருஷம் கஞ்சி இல்லை.

செய்தி சேகரிக்கப் போன நான் இதை டீச்சரிடம் சொன்னேன். "எழுதி என்ன செய்யப் போறீக? சனிக்கிழமை லீவு. பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

அங்கே போனதும் சகோதரர்கள் புதுச் சிக்கல் ஒன்றைக் கிளப்பினார்கள். வரப்பில் தன் பக்கத்தைத் தானேதான் தேட வேண்டும், அந்த நேரம் மற்றவன் கை கருவியில் படக்கூடாது. சரி என்று டீச்சர் முதலில் பெருமாளிடம் கொடுத்தார். அவர் அடி எடுத்து வைத்த இடமெல்லாம் ரேடியோ அலறியது. ஐந்தாறு குழி தோண்டியும் ஒன்றும் இல்லை. வரப்பில் நின்றபடியே டீச்சர் அவர் காலைப் பார்த்தார். ஆணி அடித்த டயர் செருப்பு.

"உங்க செருப்பைத்தான் இம்புட்டு நேரமாத் தோண்டுறோம். கழட்டி வைங்க பெருமாளு."

தூரத்தில் நின்ற சீனி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிய பின் உழவுமாடுகள் உதிர்த்த லாடங்கள் கிடைத்தன. கொழு கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பெருமாளுக்குக் கை விட்டுப்போனது. தன் பக்கத்தைத் தேடிய சீனிக்கும் அப்படியே. கடைசியில் டீச்சர் தாமே வாங்கி சீனியின் பக்கத்தில் கொஞ்ச தூரம் ஆட்டினார். தோள் பிடித்துக்கொள்ள, கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "வலிக்கிற கை மேல மேல போகுது, கவனிச்சீகளா?" என்றார். "வீச்சோட ரெண்டு முனையிலயும் வளையம் ஒரு சாண் தூக்கிருது. தூக்கின இடத்துல அடியில மலையே கிடந்தாலும் கேக்காது. எங்கப்பா தறியில நூலை அடிச்சு நெருக்குற அச்சுப்பலகையைக் கையிலயா தூக்கிப் பிடிச்சாரு? மேலருந்து தொங்கும். கை சும்மா தள்ளும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்று வாங்கினார். பாட்டரிப் பெட்டியைக் கழியின் முன்பக்கத்திலிருந்து அவிழ்த்து, முழங்கைக்குப் பின்னால் வரும் நுனியில் கட்டினார். முன்கனம் குறைந்தது. டியூபை நீளமாக அறுத்து வாராக்கி, தோள்மேல் குறுக்காகப் போட்டு, கழியை அதில் தொங்கவிட்டார். இப்போது கனம் முழுக்கத் தோளில். கை வழி காட்டினால் போதும். வளையம் மண்ணை ஒட்டியே போய்வந்தது.

வாரின் முடிச்சு முதுகுப் பக்கம் வரும். போட்டிருப்பவர் தாமே கட்ட முடியாது. மறுபடி காட்டுக்குப் போனதும் முதலில் மாட்டிக்கொண்ட சீனி, "டீச்சர், கொஞ்சம் இறுக்கிக் கட்டி விடுங்க" என்றார்.

"எனக்குத் தோள் ஏலல. அண்ணன்காரரு சும்மாத்தான நிக்கிறாரு."

யாரும் அசையவில்லை. டீச்சர் பையிலிருந்து நிலக்கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். ஒரு கைப்பிடி தீரும் மட்டும் ஆயிற்று. பெருமாள் வந்தார்.

"இறுக்குதாலே?"

"கொஞ்சம் லேசா விடுங்கண்ணே."

சீனியின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு சீனி கட்டிவிட, பெருமாள் ஆட்டினார். நேற்று அவரே தேடி முடித்திருந்த இடத்தில், புது வரப்பிலிருந்து அவர் பக்கமாக இரண்டு சால் தள்ளி, சீழ்க்கை மாறியது. ஒரு சாணுக்குச் சற்றே கீழே கொழு கிடந்தது. சீனி சொன்ன நாலு சாலும் இல்லை; பெருமாள் சொன்ன வரப்பும் இல்லை.

சீனியின் முகம் கறுத்தது. "நேத்து இதே இடத்துலதான ஆட்டுனீக? அப்பக் கேக்கலயா? இல்ல, கேட்டும் பேசாம வந்துட்டீகளா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு அங்கேயே முறிந்துவிடும் போலிருந்தது. டீச்சர் கடலைத் தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நேத்து நானும் இந்த இடத்துல ஆட்டினேன் சீனி. எனக்கும் கேக்கல. கை தூக்கிருச்சு. என் கையையும் சந்தேகப்படுவீகளோ?"

அன்று மத்தியானமே இரண்டு ஏரும் இறங்கின.

டீச்சர் முந்தின நாள் அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லை. உடன் இருந்தவன் நான். பஸ்ஸில் கேட்டேன். "வலிச்ச கை செஞ்ச தப்புக்கு மனுசனைத் திருடன்னு சொல்ல விடலாமா? பேசாம வாங்க" என்றார். எழுதினால் அந்தப் பொய்யையும் எழுத வேண்டும்; அதனால் நான் அந்தச் செய்தியை எழுதவே இல்லை.

அடக்கத்துக்கு அண்ணன் தம்பி இருவரும் ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்தார்கள். தெரு முனை வரை தாங்களும் தோள் கொடுப்பதாக டீச்சரின் தம்பியிடம் கேட்டுக்கொண்டார்கள். பாடையைத் தூக்கும் முன் பெருமாள் தன் துண்டை நாலாக மடித்து, சீனியின் தோளில் வைத்து, அழுத்திச் சரிசெய்தார். திரும்பி வரும்போது சீனி என் பக்கத்தில் நடந்தார்.

"அன்னைக்கு டீச்சர் அண்ணன் பக்கம் வரவே இல்லை, சார். நான்தான் காலையிலருந்து எவன் எங்க மிதிக்கான்னு பாத்துக்கிட்டே நின்னேனே. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீக?"

"அவுக அம்புட்டுத் தூரம் எங்களுக்காகச் சொன்ன பிறகு, நான் என்னத்தச் சொல்ல?"

அந்த டியூப் வார் என்னிடம்தான் இருக்கிறது. பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கிறேன்; இன்னும் இழுவை போகவில்லை. பார்த்ததை மட்டுமே எழுதுவது என் தொழில். டீச்சர் சொன்ன அந்த ஒரு பொய்யையும் நான் பார்த்தேன். சீனிக்கும் அது தெரியும் என்பதால் இங்கே எழுதிவிட்டேன். இனி அந்த வாரை வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.