பூஜையில் இருந்த பெட்டி

இன்று காலை திருப்பதி மண்டபத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். தொடுதிரையின் நட்டநடுவில் ஈரக் குங்குமம். கீழே மேனேஜரின் புகார்: 'எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆவல மேடம், வட்டம் சுத்திக்கினே இருக்குது.' சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு பொட்டுதான் என் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

அப்போது அங்கே இருந்தது, மண்டபத்துத் திரைகளுக்கெல்லாம் படம் பிரித்து அனுப்பும் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முதுகில் வரிசையாகப் பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு கார்டு. முதல் கார்டில் கேமராக்கள், அடுத்ததில் கம்ப்யூட்டர்கள். எந்தப் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்பதை லேப்டாப்பிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எழுதியே சொல்ல வேண்டும். வரும் எண், ஒரு கோடு, போகும் எண், என்டர். புரிந்தால் அதே வரியைத் திருப்பிச் சொல்லும். புரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி.

நகரியில் பவர்லூம் ஓட்டும் நைனாவிடம் இதை விளக்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், அதுவும் டிப்ளமோ வரைக்கும். அதனால் எதையும் கொஞ்சம் நீளமாகவே விளக்குவேன். கடைசிவரை கேட்டுவிட்டு நைனா சொன்னார்: "பொட்டிக்கு நீ லெட்டர் போடற, அது பதில் போடுது. நூல் சேட்டு கூட இவ்ளோ சீக்கிரம் போடமாட்டான்."

இந்தப் பெட்டிகளை விற்றுப் பழுதுபார்த்த எங்கள் சித்தூர் கடை முதலாளிக்கு என்னை வெளியே அனுப்ப மனமே வராது. ஒருநாள், "ஆயுத பூஜை அன்னிக்கி மண்டபத்துல டான்ஸ் ப்ரோக்ராம். தனியா போய்ட்டு வா. ஒழுங்கா நடந்தா வெளிவேலை உனக்கு. இல்லன்னா கடையில உக்காந்து போன் எடு" என்றார். போன் எடுக்கவா எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன்?

மண்டபத்தில் சாம்பிராணிப் புகை. பெட்டி மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார். "உங்க சார் ராலேதா?"

"வரல. நான்தான் பாக்கறேன்."

"அய்யோ" என்றார், என் முகத்துக்கு நேராகவே.

நிகழ்ச்சி தொடங்கியதும் வழக்கமான வரியைத் தட்டினேன். பெட்டியும் பவ்யமாகத் திருப்பிச் சொன்னது. ஆனால் வெளித்திரையில் வந்தது சலங்கை கட்டிய குழந்தைகள் இல்லை, சீட்டுக்கட்டு. மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற ஆட்டம்! வெளியே உட்கார்ந்திருந்த அப்பாக்களில் ஒருவர், "செவப்பு ராணிய கறுப்பு ராஜா மேல வைங்க சார்!" என்று கத்தினார்.

"பருவு போயிந்தி, மானமே போச்சும்மா!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

நான் எலெக்ட்ரீஷியன் முனிரத்தினத்தைப் பிடித்தேன். "அண்ணா, பெட்டிய என்ன பண்ணீங்க?"

"கார்டெல்லாம் உருவி, தொடச்சி, சந்தனம் வெச்சி, அப்படியே சொருகிட்டேன்மா."

"எந்த எடத்துல?"

"எடம் இருந்த எடத்துல."

பெட்டியை ஆஃப் செய்து கார்டுகளை மாற்றலாமென்று எழுந்தேன். மேனேஜர் குறுக்கே நின்றார். "தொடக்கூடாது! பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

"வெளிய உங்க சீட்டாட்டம் ஓடுது சார்."

"ஓடட்டும். தொடக்கூடாது."

"சரி, தொடல. எழுதறேன்."

எந்தப் பள்ளத்தில் என்ன கார்டு என்று பெட்டியையே கேட்டேன். முதலாவதில் கம்ப்யூட்டர், இரண்டாவதில் கேமரா என்றது. அந்தக் கட்டடத்தில் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னது அது ஒன்றுதான். ஒரு கார்டுக்கு நான்கு வழிகள். ஆக, ஒவ்வொரு கேமரா எண்ணோடும் நான்கைக் கூட்டி, எல்லா வரிகளையும் புதிதாகத் தட்டினேன். ஒரு திரை, அடுத்த திரை, வெளித்திரை. குழந்தைகள் வந்துவிட்டார்கள். அதற்குள் முதல் பாட்டு முடிந்திருந்தது. "எம் பொண்ணு ஆடனது தெரியவே இல்ல" என்று ஒரு அம்மா என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். மேனேஜரோ பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "பூஜ போட்டதால தப்பிச்சோம்!"

ஆனாலும் வெளிவேலை கிடைத்தது. குப்பம் முதல் தடா வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் எத்தனையோ பெட்டிகளுக்கு எழுதினேன்.

அந்தப் பெட்டிகள் இப்போது எங்கும் இல்லை. எல்லாம் தொடுதிரை. ஏன் சுற்றுகிறாய் என்று அந்த வட்டத்தைக் கேட்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. கோளாறென்றால் எவரோ எங்கிருந்தோ நெட் வழியாகச் சரிசெய்கிறார். மண்டபத்துக்கு ஆள் போகவே வேண்டாம். வெளிவேலை என்று ஒன்று இருந்ததே எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நான் சித்தூர் கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன்.