ஜொங்கி அப்பாவின் ராணி

லம்போக் சிஹொத்தாங் என்ற பெயர் அவனுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் சியந்தார் ஊரில் எல்லோருக்கும் அவன் ஜொங்கி அப்பா. எங்கள் பத்தாக் இனத்து ஆட்களிடம் அப்படித்தான். தலைப்பிள்ளை பிறந்ததும் அப்பனுடைய பெயர் போய்விடும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். "ஜொங்கி அப்பா, பின் சக்கரம் இறங்கிடுச்சு", "ஜொங்கி அப்பா, காத்து அடிச்சு விடு" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது மகன் பெயர் அவன் காதில் விழும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வருடத்துக்கு முன்னால் கள்ளுக்கடையில் எட்டுப் பேர் முன்னிலையில், "எனக்கு ஜொங்கின்னு ஒரு பையனே கிடையாது" என்று சொன்னவன் அவன். ஜொங்கி பாத்தாம் தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அங்கேயே ஒரு ஜாவா பெண்ணைப் பார்த்து, குலத்தார் யாரையும் கூட்டாமல், பன்றி அடிக்காமல், தோளில் சால்வை போர்த்தாமல், இரண்டு சாட்சியோடு கல்யாணத்தை முடித்துவிட்டான். அப்பன் சொன்ன வார்த்தை அன்று சாயங்காலத்துக்குள் பாத்தாமுக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டுப் பேர் இருந்தார்களே, கேட்கவா வேண்டும்.

நான் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருக்கிறேன். லம்போக்கும் நானும் ஒரே வயது, ஐம்பத்து மூன்று. என் அக்காள் துயோலினாவைத்தான் அவன் கட்டியிருக்கிறான். போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் என் ஸ்கூட்டருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மச்சான், நீ போன்ல செஸ் ஆடுவியாமே. பெரிய ஆளுன்னு உன் அக்கா சொல்றா."

"பெரிய ஆளெல்லாம் இல்ல. ஆயிரத்தைந்நூறு புள்ளி."

"நான் அறுநூறு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளுக்கடையில் இவனை ஜெயிக்க ஆளில்லை என்று ஊரே சொல்லும். அறுநூறு என்றால், நேற்று ஆடக் கற்றுக்கொண்டவன் வாங்கும் புள்ளி.

"சிரிக்காத. எனக்கு ஜெயிக்க வேண்டாம். ஆட்டம் நீளணும், அவ்வளவுதான்."

"யாரோட ஆடுற?"

டியூபைத் தண்ணீரில் அமுக்கினான். கொஞ்ச நேரம் குமிழியைத் தேடினான். பிறகுதான் சொன்னான். துயோலினா இரண்டு பேருடைய கைபேசியிலும் ஒரே செயலியைப் போட்டுவிட்டு, தான் ஒன்றும் செய்யாத மாதிரி இருந்துவிட்டாளாம். மகனுடைய சாப்பாட்டு நேரத்தில், நண்பகல் பன்னிரண்டுக்கு, 'ஜொங்கி பாத்தாம்' என்ற பெயரிலிருந்து ஆட்டத்துக்கு அழைப்பு வரும். இவனுடைய பெயர் அங்கே 'பஞ்சர் லம்போக்'. இரண்டு பேருக்கும் எதிரில் யார் என்று தெரியும். தெரிந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், ஆளுக்கு இருபது நிமிடம்.

"பத்து நிமிஷத்துல என் ராணி போயிடுது மச்சான். அப்புறம் நாலு நகர்த்தல்ல மேட். அவன் போயிடுறான். மறுநாள் பன்னிரண்டு வரைக்கும் நான் என்ன செய்ய?"

"ஒரு போன் போட்டுப் பேசேன்."

"எட்டுப் பேர் முன்னாடி சொன்ன வார்த்தைய எப்படி மச்சான் முழுங்குறது?"

இப்படிப்பட்ட முட்டாள்தனத்துக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆனால் உதவுகிறேன் என்றேன். அக்காளுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எந்த ஆட்டம் முடிந்தாலும் செயலியே ஓர் அலசல் காட்டும். மோசமான நகர்த்தலுக்குச் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி விழும். லம்போக்குக்கு அந்தச் சிவப்பு பிடிக்காது. "எங்க ஸ்கூல் வாத்தியார் மாதிரியே இருக்கு" என்று மூடிவிடுவான். நான் அவனுடைய முப்பத்தெட்டு ஆட்டங்களையும் திறந்து, பழைய பார்சல் படிவங்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் குறித்தேன். ஆரம்பம் மோசமில்லை. குதிரையை நன்றாக ஆடுகிறான். ஆனால் இருபத்தொன்பது ஆட்டத்தில் ராணியைச் சும்மா கொடுத்திருக்கிறான். எதிராளியின் மந்திரி வந்து கோணத்தில் ராணியைப் பார்த்து நிற்கும். இவன் அதைக் கண்டுகொள்ளாமல் வேறெங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளுவான். ராணி போய்விடும்.

இவனுக்குக் கணக்குப் போடும் பழக்கம் இல்லை என்று முடிவு கட்டினேன். தினம் பத்துப் புதிர் கொடுத்தேன். புதிரில் பத்துக்கு ஒன்பது சரியாகப் போட்டான். பன்னிரண்டு மணிக்கு ராணியைக் கொடுத்தான். கண்ணாடி மாற்றச் சொன்னேன், மாற்றினான். கைபேசியைக் கிடைமட்டத்தில் வைக்கச் சொன்னேன். புத்தகத் தொடக்கங்கள் இரண்டைச் சொல்லிக் கொடுத்தேன். அதில் குழம்பி முன்னைவிடச் சீக்கிரமாகத் தோற்றான். மூன்று வாரத்தில் அறுநூறு ஐந்நூற்று நாற்பதாக இறங்கியது.

"அண்ணன் தம்பி யாராச்சும் இப்படிச் சொல்லிக் குடுப்பாங்களாடா?" என்றாள் அக்காள். "உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி பதினோரு நிமிஷம் தாங்கினார். இப்ப எட்டு."

எனக்குக் கோபம் வந்தது. என்னுடைய ஆயிரத்தைந்நூறின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயிற்றுப் புண் வந்ததிலிருந்து ஏழெட்டு வருடமாக நான் கள்ளுக்கடைப் பக்கம் போவதில்லை. அந்தச் சனிக்கிழமை போனேன். ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக்கொண்டு லம்போக்கின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

எதிரே மீன்காரன் ஒருவன். ஆட்டம் சூடாகப் போனது. லம்போக் பாதி நேரம் பலகையையே பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ எடுத்த பாட்டுக்கு இரண்டாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். மீன்காரன் மந்திரியை நீட்டி வைத்து, "ஸ்டெர்!" என்றான். லம்போக் பாட்டை நிறுத்திப் பலகையைப் பார்த்தான், ராணியை எடுத்து ஓரமாக வைத்தான், விட்ட இடத்திலிருந்து பாடினான்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

ராஜாவைத் தொட்டால் செக் சொல்வதுபோல, ராணியைக் குறிவைத்தால் எங்கள் கடைகளில் ஸ்டெர் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெட்டினால் திருடன் என்பார்கள். ராணியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்வார்கள். லம்போக் பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மேசைகளில் ஆடுகிறான். நாற்பது வருடமாக அவனுடைய ராணியை எதிராளியின் வாய்தான் காப்பாற்றி வந்திருக்கிறது. கைபேசிக்கு வாய் கிடையாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது மூன்று வாரமாகத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சொன்னேன். லம்போக் கம்பியால் டயரை நெம்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அதுல எழுத ஒரு பெட்டி இருக்கு, அவனும் சொல்றதில்லையே மச்சான். அந்த மேசையில என் மடில உக்காந்து ஆட்டம் கத்துக்கிட்ட பய. அவனுக்கு ஸ்டெர் தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"ஆமா" என்றான். "சொல்லல."

மறுபடி கம்பியை எடுத்து டயரை நெம்ப ஆரம்பித்தான்.

வைத்தியம் சுலபம். அவன் நகர்த்தியதும் நீ உடனே கையை வைக்காதே; இப்போது வந்த காய் எதைப் பார்க்கிறது என்று கேள்; ராணியைப் பார்த்தால் எதிராளிக்குப் பதிலாக நீயே வாய்விட்டு ஸ்டெர் சொல். இவ்வளவுதான். பாக்கியை அவனே கண்டுபிடித்தான்.

"டியூப் பாக்குற மாதிரிதான மச்சான்? ஆணி குத்தின இடம் தெரிஞ்சாலும் முழு டியூபையும் தண்ணில சுத்திப் பாத்துட்டுத்தான் ஒட்டுவேன். வேற ஓட்டை இருக்கலாமில்ல."

"அதேதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. கண்ணாடி வேற மாத்தினேன்."

அதிலிருந்து பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடையில் ஒரே கூத்து. "ஸ்டெர் இல்ல... ஸ்டெர் இல்ல... ஸ்டெர்!" என்று தனக்குத்தானே கத்துவான். காற்றடிக்க வந்தவர்கள் அக்காளிடம் துக்கம் விசாரிக்காத குறை. முதல் வாரம் பதினெட்டு நிமிடம் தாங்கினான். இரண்டாம் வாரம் இருபத்தாறு. தோற்கத்தான் செய்தான், ஆனால் ராணியோடு தோற்றான். ஒருநாள் மகன் சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பியிருப்பான் என்று கவலைப்பட்டான். அக்காள், "அந்தக் கவலைய அவன்கிட்டயே சொல்லலாமே, ஜொங்கி அப்பா" என்று ஒரு குத்துக் குத்தினாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு விடுமுறை. அக்காள் மீ கோமாக் என்ற நூடுல்ஸ் செய்து கடைக்கே கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் டயர் அடுக்கின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இருபத்திரண்டாவது நகர்த்தலில் லம்போக் குதிரையை நடுவில் கொண்டுபோய் வைத்தான். நல்ல இடம். அது மகனுடைய ராணியைப் பார்த்தது. ஜொங்கியின் கவனம் அப்போது முழுக்க வலது ஓரத்தில் இருந்தது.

"கவனிச்சிருக்க மாட்டான்" என்றேன். "சும்மா இரு. இன்னிக்கு ஜெயிச்சிடலாம்."

லம்போக் கையைத் துணியில் துடைத்தான். பிறகு செயலியின் ஓரத்தில் இருந்த அரட்டைப் பெட்டியைத் திறந்து, பசை காய்ந்த கட்டை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். ஸ்டெர்.

"என்ன காரியம் பண்ற!" என்று கத்திவிட்டேன். இரண்டு மாத உழைப்பு.

"சொல்லாம வெட்டினா திருடன்" என்றான்.

மகனுடைய கடிகாரம் ஓடியது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து. அக்காள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் ராணி மெல்ல விலகி ஓரத்துக்குப் போனது. பதில் ஒன்றும் வரவில்லை. லம்போக் அடுத்த காயை நகர்த்தினான். எனக்கு ஜொங்கி மீது அவ்வளவு கோபம் வந்தது.

ஆட்டம் போனது. முப்பத்தைந்தாவது நகர்த்தலில் ஜொங்கியின் மந்திரி மூலையிலிருந்து நீண்டு வந்து நின்றது.

"ஸ்டெர்" என்று லம்போக் தனக்குள் சொல்லிக்கொண்டு, ராணியை நகர்த்த விரலைக் கொண்டுபோனான். அந்த நேரம் கைபேசி ஒருமுறை சிணுங்கியது. அரட்டைப் பெட்டியில் ஒரு வரி.

ஸ்டெர், அப்பா.

விரல் அப்படியே நின்றது. அவனிடம் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன்; அவன் பார்த்தது இரண்டாவது சொல்லை.

"மச்சான், நேரம் போகுது. ராணிய எடு."

"போகட்டும்."

மூன்று நிமிடம். இரண்டு. அக்காள் அவன் முதுகில் கை வைத்தாள். கடிகாரம் சிவப்பாகி, பூஜ்யத்துக்கு வந்தது. தோல்வி என்று செயலி சொன்னது. சொன்ன மறுகணம் கைபேசி மணியடிக்க ஆரம்பித்தது. லம்போக்குக்குப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை; அக்காள்தான் அழுத்தினாள்.

"அப்பா?" பின்னால் இரும்பு அடிக்கும் சத்தத்தோடு மூச்சு வாங்கியது ஜொங்கியின் குரல். "ஏம்ப்பா நகத்தல? உடம்பு சரியில்லையா? நான்தான் சொன்னேனே, ராணி மேல மந்திரின்னு..."

"நல்லாத்தாண்டா இருக்கேன்" என்றான் ஜொங்கி அப்பா. "நீ சொல்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."