என் பிராம்ப்டில் இருக்கிற கட்டத்தை எடுக்க மாட்டேன்

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கருப்புத் திரையில் கலர் வரும், கலர் வந்தாலும் வேகம் குறையாது, அதைக் கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் செய்து காட்டுவான் என்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொன்னேன்.

நேற்று நம் லினக்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் என் டெர்மினலை, அதாவது அந்தக் கருப்புத் திரையை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டதும், "அங்கிள், கட்டம் கட்டமா வருது, சரியான ஃபான்ட் போடுங்க" என்று வரிசையாக வந்து புத்தி சொன்னீர்களே... உங்களுக்காகத்தான் இது.

மெழுகும் மருந்தும் கலந்த வாடை. கழுகுமலை ரோட்டில் எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு பிடி கரிசல் மண் விழும். அதில் பருத்தியே போடலாம்.

பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான். பண்டல் தூக்க வந்தவன் லினக்ஸ் மெஷினுக்குப் பொறுப்பாளன் ஆனது பெரிய கதை. வேறு யாரும் அதைத் தொடப் பயந்தார்கள் என்பது அதன் சுருக்கம்.

லேபிள் டிசைன் எல்லாம் அந்த மெஷினில்தான். எந்த ஊருக்கு எந்த லேபிள் என்ற லோடு லிஸ்ட்டும் அதிலிருந்துதான் பிரிண்ட் ஆக வேண்டும். நாம் கட்டளை அடிக்கிற இடத்துக்கு முன்னால் ஒரு டாலர் குறி நிற்குமே, அதுதான் பிராம்ப்ட். எனக்கு அந்த மொட்டை டாலர் ஆகாது. நெட்டில் தேடி ஒரு தீம் இறக்கினேன். மணி, ஃபோல்டர் பெயர், பச்சை, மஞ்சள்... திரை கோயில் கொடைப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு என்டருக்கும் அது உள்ளே போய், இருக்கிற லேபிள் ஃபைலை எல்லாம் புரட்டி, எது மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரியைக் கொடுக்கும். அதற்குள் கயத்தாறு போய்த் திரும்பிவிடலாம்.

அன்று முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். கம்ப்யூட்டர் இன்ஜினியர். என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அங்கிள், இந்த டெக்கரேஷன்தான் ஸ்லோ பண்ணுது. தூக்கிட்டு பிளெயின் டாலர் வைங்க. இல்லேன்னா நானே அங்கிருந்து ரிமோட்ல பாத்துக்கிறேன். நீங்க கோடவுனுக்குப் போயிடுங்க."

முதலாளி கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஏலே மாரி, சாயங்காலம் லாரி வருது. அதுக்குள்ள லிஸ்ட் கைக்கு வரலன்னா மாப்ள சொல்லுதபடிதான். அந்தச் சேர விட்டு எந்திச்சிரு."

டாலரை வைத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தப்பித்திருப்பேன்.

வைப்பேனா?

முதலாளிக்குக் கம்பெனி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு டிகிரி இருக்கிறது. அந்த ஆபீஸில் என் இஷ்டத்துக்கு என்று இருந்தது அந்த ஒரு வரிதான்...

புதிதாக ஒரு தீம் வந்திருப்பதாகப் படித்திருந்தேன். அது முதலில் வரியைக் கொடுத்துவிடும். லேபிளைப் புரட்டுகிற வேலையைப் பின்னால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சீனி போதுமா என்று கேட்கிற கடைக்காரர் மாதிரி.

இறக்கினேன். வரியில் என்னென்ன படம் போடலாம் என்று தெரிந்துகொள்ள, அது கண் டாக்டர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தது.

இது டைமண்ட் மாதிரி தெரிகிறதா? எனக்குத் தெரிந்தது வெறும் கட்டம்.

இது பூட்டு மாதிரி தெரிகிறதா? அதுவும் கட்டம்.

பின்னால் பெங்களூர் நிற்கிறது. தெரியவில்லை என்று எப்படி அமுக்குவது? எஸ். எஸ். எஸ்... எல்லாவற்றுக்கும் எஸ்.

பிராம்ப்ட் வந்தது. வரி பூராவும் காலிக் கட்டங்கள்.

லிஸ்ட் டைப் பண்ணுகிற ராஜாத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணாச்சி, ஸ்கிரீன் பூராம் தீப்பெட்டிய அடுக்கி வச்சிருக்கீய? குச்சிய எப்ப அடைப்பீய?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் படத்துக்கெல்லாம் ஃபான்ட் இல்ல அங்கிள், அதான் கட்டமா வருது. இதுகூடத் தெரியாமலா எஸ் குடுத்தீங்க?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன். தீப்பெட்டிக் கம்பெனியில பெட்டி இல்லாம பூட்டா இருக்கும்?"

அந்த நேரத்துக்கு வாயில் வந்ததுதான். ஆனால் சொன்ன பிறகு உண்மையாகிவிட்டது.

என்டரைத் தட்டினேன். விரலை எடுக்கும் முன்னால் அடுத்த வரி நின்றது. இன்னொரு தட்டு. நின்றது. மாப்பிள்ளையின் சிரிப்பும் நின்றது. ராஜாத்தி அடிக்க அடிக்க நான் அனுப்பினேன். பிரிண்டர் மூச்சு விடவில்லை. லாரி ஹாரன் கேட்டபோது நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி வந்து லிஸ்ட்டை வாங்கினார். திரையைப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தாம்டே இருக்கு. நம்ம பெட்டி. அப்படியே கெடக்கட்டும்" என்று என் தோளில் தட்டினார்.

இப்போது லிஸ்ட் நேராக டிரைவர் செல்லுக்கே போய்விடுகிறது. நானும் வீட்டோடு இருக்கிறேன். மாப்பிள்ளையின் லேப்டாப்பிலும் கலர் பிராம்ப்ட்தான், நானே பார்த்தேன். ராஜாத்தி கல்யாணமாகி விளாத்திகுளம் போய்விட்டாள். என் திரையைப் பார்த்துக் கேலி பேச இங்கே ஆளில்லை. அதனால்தான் நேற்று குரூப்பில் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்...

நீங்கள் சொன்ன ஃபான்ட்டையும் போட்டுப் பார்த்தேன். டைமண்ட் டைமண்டாகத் தெரிந்தது, பூட்டு பூட்டாகத் தெரிந்தது. உடனே கழற்றிவிட்டேன். இனிமேல் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒன்று மட்டும். முதலாளி தோளில் தட்டியதாக எழுதினேன் இல்லையா, அது நடக்கவில்லை. நம்ம பெட்டி என்று அவர் சொல்லவும் இல்லை. லிஸ்ட்டை வாங்கினார், திரையை ஒரு பார்வை பார்த்தார், லாரிப் பக்கம் போய்விட்டார்.

எந்திரி என்று சொல்லவில்லை.

நான் எந்திரிக்கவும் இல்லை.