பச்சை மூக்குத் தோட்டாவும் என் கதிரையும்

கிளிநொச்சியில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் ஒரு துவக்குக் கடையில் பதினோரு வருடம் விற்பனையாளனாக இருந்தேன். துவக்குகளுக்கு நடுவே வேலை செய்பவன் தைரியசாலி என்று சனம் நினைக்கும். நானும் திருத்தப் போனதில்லை. உண்மையில் எனக்குத் தோட்டாவைவிடச் சட்டத்தில்தான் பயம். கடையின் லைசன்ஸ் போனால் முதலாளிக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு கடை இருந்தது. எனக்கு இன்னொரு வேலை இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு காலையை மட்டும் எழுதுகிறேன்.

முதலாளி அன்று கடையில் இல்லை. முரசுமோட்டையிலிருந்து கந்தையர் வந்தார். குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்பவர். ஒற்றைக்குழல் துவக்கும் அதற்கு லைசன்சும் வைத்திருந்தார்.

"தம்பி, இன்னும் மூண்டு கிழமையில நெல்லு வெட்டலாம். அதுக்குள்ள தனியன் யானை ஒண்டு பின்னேரமானா வயலுக்க இறங்குது. ஒரு ஏக்கர் போச்சு."

"எஸ்.ஜி. போட்டுப் பாத்தீங்களோ?" என்றேன். பன்றிக்குப் போடும் பெரிய சன்னத் தோட்டா அது.

"கையில மிஞ்சினதைப் போட்டனான். ஆரடா சொறிஞ்சதெண்டு கேக்கிற மாதிரித் திரும்பிப் பாத்துது. பிறகு திண்டுது."

சொல்லிவிட்டு மடியை அவிழ்த்து ஒன்றை மேசையில் வைத்தார். நீண்ட ரைபிள் தோட்டா. மூக்கில் மங்கிய பச்சைச் சாயம். உலக யுத்தத்தின்போது வவுனியாவில் பட்டாளம் இருந்துவிட்டுப் போன காட்டில் அவருடைய மச்சான் கண்டெடுத்ததாம்.

"இரும்பையும் துளைக்குமாம். இப்பிடி ஒரு இருபது தாங்கோ."

நான் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"அண்ணை, இது பட்டாளத்துச் சாமான். பொதுசனத்துக்கு நாங்கள் விக்கவும் ஏலாது, நீங்கள் வைச்சிருக்கவும் ஏலாது. உங்கட லைசன்சில எழுதின துவக்குக்குரிய தோட்டாதான் தரலாம். இது உங்கட குழலுக்குப் பொருந்தவும் மாட்டாது. கொண்டு திரிஞ்சாலே வழக்கு."

"யானைக்கு வழக்கில்லையோ?"

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் நின்றது. மாதாமாதம் எங்கள் ரெஜிஸ்டரைப் பார்க்க வரும் பொலிஸ் சார்ஜன்ட்.

நான் செய்திருக்க வேண்டியது, அதை அவரிடம் காட்டி நடந்ததைச் சொல்வது. நான் செய்தது, தோட்டாவைக் கதிரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தது. வெடிக்கக்கூடிய ஒரு பொருளை உடம்பின் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பது, இருந்த பிறகுதான் உறைத்தது.

"ரெஜிஸ்டரை எடும்," என்றார் சார்ஜன்ட். ரெஜிஸ்டர் அலுமாரியில் மேல்தட்டில்.

"கால் விறைச்சுப் போச்சு, சேர்."

"காலையிலயோ?"

கந்தையர் எழுந்தார். கள்ளம் தெரியாத மனிதர். "ஐயா, நீங்களாவது இந்தத் தம்பிக்குச் சொல்லுங்கோ. என்ர வயலை யானை அழிக்குது. நான் கேட்ட சாமானைத் தரமாட்டன் எண்டுறார்."

"என்ன சாமான்?"

"தம்பி அதுக்கு மேலதான் இருக்கிறார்."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மெல்ல எழும்பும்," என்றார். "நல்லா மெல்ல."

எழுந்தேன். அவர் தோட்டாவைக் கைக்குட்டையில் எடுத்தார். கந்தையரிடம், அது எங்கே கிடைத்தது, ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டு எழுதி, தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்ததாகவே கையெழுத்து வாங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பியது. கந்தையர் முகத்தில் மட்டும் ஒன்றும் திரும்பவில்லை.

"இப்ப அதுவும் போச்சு," என்றார். "மனிசியின்ர நகையை அடகு வைச்சு விதைச்ச நெல்லு, ஐயா."

பதற்றம் தணிந்த பிறகுதான் நான் முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது.

"அண்ணை, அதைச் சாக்காட்ட வேணுமோ, துரத்தினால் காணுமோ?"

"அது எங்க போய் வாழ்ந்தாலும் எனக்கென்ன? என்ர வயலுக்க வராட்டிக் காணும்."

"லைசன்சைத் தாங்கோ பாப்பம்."

அந்த வருடத்துக்கு அனுமதித்த தோட்டா முழுவதையும் வாங்கி முடித்திருந்தார். ஆனால் பயிர் அழிவுக்குக் கிராம அதிகாரியான விதானையார் கடிதம் கொடுத்தால் அரச அலுவலகமான கச்சேரியில் மேலதிகமாகக் கேட்கலாம். அதற்கு ஒரு போர்ம் இருந்தது. எங்கள் மேசை லாச்சியிலேயே கிடந்தது. நான் நிரப்பினேன். அவசரத்தில் முதல் போர்ம் பழுதானது, இரண்டாவது வாசிக்கக்கூடியதாக வந்தது. யானை வருவது உண்மை, நானே விசாரித்தேன் என்று சார்ஜன்ட் அடியில் ஒரு வரி எழுதினார்.

விதானையாரின் கடிதத்தோடு அது கச்சேரிக்குப் போக, ஐந்தாம் நாள் அனுமதி வந்தது. கந்தையரும் லைசன்ஸ் உள்ள அயல் வயல்காரர் இருவரும் மூன்று வரம்புகளில் நின்று, பின்னேரங்களில் மாறிமாறி வானத்துக்குச் சுட்டார்கள். சுடத் தொடங்கிய நாலாம் நாள் யானை காட்டுப் பக்கம் போனது, பிறகு வரவில்லை.

ஆனால் அனுமதி வரக் காத்திருந்த நாட்களில் இன்னும் அரை ஏக்கரைத் தின்றிருந்தது. மிஞ்சியது ஒன்றரை. வெட்டு முடிந்து வந்தபோது கந்தையர் சொன்னார்: "நகையை மீட்டிட்டன் தம்பி. அந்தப் போர்மை முதல் நாளே தந்திருந்தால் சாப்பாட்டுக்கும் நெல்லு இருந்திருக்கும்."

யானை முதலில் இறங்கிய மறுநாளே அவர் ஒருமுறை கடைக்கு வந்திருந்தார். இந்த வருடத்து அளவு முடிந்துவிட்டது, சட்டம் இடம்தராது என்று அரை நிமிடத்தில் அனுப்பியவன் நான்தான். சட்டத்தில் "கூடாது" என்ற பக்கங்களையெல்லாம் பயத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். "கேட்டால் தரலாம்" என்ற பக்கத்தையும் வாசித்து வையுங்கள். எங்களிடம் வருகிறவனுக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது.